வலிமை தேடுவார்க்கு வாரத்தில் எத்தனை நாள்?

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது, இலக்கணத்திலோ இலக்கியத்திலோ ஒரு பொருளை எடுத்து எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். தமிழாசிரியன் ஒருவன் பாரந் தூக்குதலைப் பற்றி எழுதப் புகுந்தான் என்றால் பழைய மாணவர் சிலர் நகைக்கவும் கூடும். நகைக்கட்டும். இப்பொருளில் யாம் ஒரு பிழை செய்தோம். அப்பிழையால் எம் மாணாக்கன் ஒருவன் துன்புற்றான். அதனைத் திருத்தும் கடன் எமக்கு உண்டாதலின், இம்மலரின் சில பக்கங்களை அதற்கே எடுத்துக்கொள்கிறோம்.

நிகழ்ந்தது இது. சில ஆண்டுகளுக்கு முன்னர், காலைக் கூட்டத்தில் உடல்நலம் பற்றிப் பேசும் முறை எமக்கு வந்தது. “உடற்பயிற்சியை நாள்தோறும் செய்க, ஒரு நாள் தவறினும் முன் செய்ததெல்லாம் வீண்” என்று முழங்கினோம். சொல் அழகாக அமைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பொருளை ஆராயாது விட்டோம். உயர்தர வகுப்பில் பயின்ற மாணாக்கன் ஒருவன் அச்சொல்லை அப்படியே கைக்கொண்டான். அவன் படுவான்கரையில் வயல் சூழ்ந்த ஊரொன்றிலிருந்து நாள்தோறும் வாவியைக் கடந்து வருபவன், மெலிந்த தேகத்தன், உடன் பயில்வோரால் ‘ஈர்க்கு’ என்று ஏளனஞ் செய்யப்பட்டவன். பழைய பால்மாத் தகரங்கள் இரண்டில் சீமெந்தை நிரப்பி, இடையில் இரும்புக் குழாயைச் செருகி, தனக்கென ஒரு பளு செய்துகொண்டான். காலையும் மாலையும் கை ஓயுமட்டும் அதனைத் தூக்கினான். ஐந்தாம் நாள் அவன் கைகள் வீங்கின. முழங்கையை நீட்ட இயலவில்லை. எழுதுகோலைப் பிடிக்கவும் இயலவில்லை. அடுத்த நாள் சிறுநீர் சாயத்தேநீரின் நிறத்திற் கழிந்தது. வீட்டார் அஞ்சி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர்.

பழகாத தசையை அளவு கடந்து வருத்தினால் தசைநார்கள் சிதைந்து, அவற்றின் உள்ளீடு குருதியிற் கலந்து, சிறுநீரகத்தைத் தாக்கும் என்று வைத்தியர் எமக்கு விளக்கினார். காலந் தாழ்த்தாது வந்தமையால் பையன் பிழைத்தான். ஆயினும் அத்தவணைப் பரீட்சை அவனுக்கு இல்லையாயிற்று. யாம் பார்க்கச் சென்றபோது அவன் சினக்கவில்லை. “ஒவ்வொரு நாளும் செய்யும்படி நீங்கள்தானே சொன்னீர்கள், சேர், நான் விட்டுவிட்டால் வீணாகிவிடும் என்று பயந்தேன்” என்றான். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட எம் ஆசிரியப் பணியில் அதனினும் கடுமையான கண்டனத்தை யாம் கேட்டதில்லை. அன்று முதல் இப்பொருளைக் கற்கத் தொடங்கினோம். கற்றதை இங்கே வைக்கிறோம்.

முதற்கண் எம் பிழை எங்கே இருந்தது என்று காண்போம். நடத்தல், நீந்துதல், தோணி வலித்தல், பந்தாடுதல் ஆகியவற்றை நாள்தோறும் செய்யலாம், செய்தல் நன்று. தசையை அதன் எல்லைக்கு அருகே கொண்டுசென்று உழைப்பிக்கும் பளுப்பயிற்சியோ வேறு இனம். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில் இவ்விரண்டும் வெவ்வேறாகவே எண்ணப்பட்டுள்ளன. 5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை இயக்குதல் வேண்டும் என்று கூறும் அவ்வழிகாட்டல், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களை வாரத்தில் 3 நாளேனும் செய்க என்கிறது. வளர்ந்தோர்க்குத் தசைப் பயிற்சி வாரத்தில் 2 நாளேனும் வேண்டும் என்கிறது. யாம் இரண்டையும் ஒன்றாக்கி ‘நாள்தோறும்’ என்று ஒரே சொல்லாற் கட்டிவிட்டோம்.

பாரந் தூக்கும் வேளையில் தசை வளர்வதில்லை என்பதே இப்பாடத்தின் முதல் அறிவு. அப்போது நிகழ்வது ஓர் ஏவல் மட்டுமே. வளர்ச்சி பின்னர், உண்டு உறங்கி ஓய்ந்திருக்கும் வேளையிலே நிகழ்கின்றது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதனை அளந்து 1995இல் வெளியிட்டனர். கடும் பயிற்சி செய்த புயத்தில் தசைப்புரதம் உருவாகும் வேகம், 4 மணி நேரங் கழிந்தபோது ஓய்ந்திருந்த புயத்தினும் 50 வீதம் மிகுந்திருந்தது. 24 மணி நேரத்தில் 109 வீதம் மிகுந்து உச்சத்தை அடைந்தது. 36 மணி நேரத்தில் ஏறத்தாழப் பழைய நிலைக்கு மீண்டது. 1997இல் வெளிவந்த வேறோர் ஆய்வு பளுப்பயிற்சி பழகாத ஆண் பெண் எண்மரைக் கொண்டு செய்யப்பட்டது. அவர்களிடத்தில் அவ்வேகம் 3 மணி நேரத்தில் 112 வீதமும், 24 மணி நேரத்தில் 65 வீதமும், 48 மணி நேரத்தில் 34 வீதமும் மிகுந்து காணப்பட்டது. ஆக, ஒரு முறை செய்த பயிற்சியின் பயன் ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரை உடலில் வேலை செய்துகொண்டிருக்கின்றது. ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று பயிற்றுநர் நெடுங்காலமாகக் கூறிவரும் வழக்கு இக்கணக்கோடு எவ்வளவு பொருந்துகின்றது பாருங்கள்.

எனின், வாரத்துக்கு ஒரு முறை மட்டும் செய்தால் என்ன? செய்யலாம், பயனும் உண்டு, ஆனால் வாரத்தில் ஐந்து நாள் அவ்வேவல் இன்றித் தசை சும்மா கிடக்கும். 2016ஆம் ஆண்டில் பல ஆய்வுகளை ஒருங்கு வைத்துப் பார்த்தவர்கள், வாரத்தில் இரு முறை உழைத்த தசை ஒரு முறை உழைத்ததினும் மிகுதியாக வளர்ந்தது எனக் கண்டனர். அவ்வறிஞரே பின்னர் 2019இல் இன்னும் பல ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியபோது, வாரத்தின் மொத்த வேலை சமமாயின் அதனை எத்தனை நாளாகப் பகுத்தாலும் வளர்ச்சியிற் பெரிய வேறுபாடு இல்லை என்று தெளிந்தனர். இவ்விரண்டும் முரணல்ல. எண்ணப்படுவது வாரத்தின் மொத்த வேலை. நாட்கள் அம்மொத்தத்தைச் சுமந்துவரும் ஏனங்கள். ஒன்பது சுற்று வேலையை ஒரே நாளிற் செய்ய முயல்பவன் கடைசிச் சுற்றுக்களை அரைகுறையாகச் செய்வான். மூன்று நாள் நோவோடு நடப்பான். அதனையே மும்மூன்றாகப் பகுத்தவன் ஒவ்வொன்றையும் செவ்வனே செய்வான். பகுப்பதன் பயன் அதுவே; வேறு மந்திரம் இல்லை.

தொடங்குவோர்க்கு மூன்று நாளை யாம் விதந்து சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆசிரியர் கலாசாலையிற் பயின்றோர் எபிங்காசு என்னும் செருமானிய அறிஞரை மறந்திரார். ஒரே இருப்பிற் பலமுறை ஓதுவதிலும், நாட்களை இடையிட்டு ஓதுவது மனத்தில் நிலைக்கும் என்று அவர் 1885இலேயே தம்மையே சோதித்து எழுதினார். தசைக்கும் இது பொருந்தும். தொடக்க வாரங்களிற் பெருகும் வலிமை பெரும்பாலும் தசை பருத்ததனால் வருவதன்று. நரம்புகள் அத்தசையை ஏவக் கற்றுக்கொண்டதனால் வருவது. மோரித்தானி, டி வ்ரீசு என்னும் இருவர் 1979இலே இதனைக் காட்டினர். பருமன் முதன்மையான பங்கை ஏற்பது மூன்று முதல் ஐந்து வாரங்களின் பின்னரே. குந்தி எழுதுதலும் தலைக்கு மேல் பளுவை உயர்த்துதலும் செய்யுள் ஓதுதல் போலப் பழகிப் படிய வேண்டிய திறன்களாதலின், வாரத்துக்கு ஒரு முறை பழகுபவன் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவான். மூன்று முறை பழகுபவன் விரைவிற் கைவரப் பெறுவான்.

பையன்கள் கைவிடும் இடமும் இதுவே. மூன்று வாரம் பாடுபட்டு, கண்ணாடியின் முன் நின்று பார்க்கிறார்கள். புயம் பழைய புயமாகவே இருக்கின்றது. உடனே சிலர் விட்டுவிடுகின்றனர், சிலர் இரட்டிப்பாக்குகின்றனர். பிரேசில் நாட்டவர் 2016இல் வெளியிட்ட பத்து வார ஆய்வு இதற்கு நல்ல விளக்கந் தருகின்றது. முதற் பயிற்சியின் பின் உருவாகும் புரதம் பெரும்பாலும் புண்பட்ட இடத்தைச் செப்பனிடவே செலவாகின்றது. சில வாரங்களில் உடல் பழகிப் புண்படுதல் குறைந்த பின்னரே அதே புரதம் வளர்ச்சிக்கு முதலாகின்றது. ஆகவே மிகுதியாக நொந்தால் மிகுதியாக வளரும் என்று எண்ணுவது தவறு. நோவு, பயிற்சி புதிது என்பதைத்தான் பெரிதும் தெரிவிக்கின்றது.

இங்கே ஊரவர் ஒரு வினா எழுப்புவர். எம்மிடம் எழுப்பியும் இருக்கின்றனர். “எங்கள் தகப்பன்மார் நாள்தோறும் நெல்மூட்டை சுமந்தார்களே, ஓய்வு நாள் எங்கே கண்டார்கள்? அவர்கள் நோயாளராகவா இருந்தார்கள்?” நல்ல வினா. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ; மூன்று புசல் கொண்ட மூட்டை அறுபது கிலோவைத் தாண்டும். அறுவடைக் காலத்தில் அதனை நாள் முழுதும் களத்திலிருந்து வண்டிக்குச் சுமந்தவர்கள் படுவான்கரை எங்கும் இருந்தனர். அவர்கள் பதினைந்து வயதில் திடீரென்று அம்மூட்டையின் கீழ் நின்றவர் அல்லர் என்பதை மறக்கலாகாது. சிறுவராய்க் குடஞ் சுமந்து, கதிர்க்கட்டுச் சுமந்து, பின்னரே மூட்டைக்கு வந்தனர். ஒரு முறை உழைத்த தசை அதே வகை உழைப்பினால் மீண்டும் அவ்வளவு புண்படுவதில்லை. அக்காப்பு வாரக் கணக்கில் நீடிக்கின்றது என ஆய்வாளரும் கூறுவர். பழகிய தோளுக்கு அன்றாடச் சுமை காயமன்று. அதேவேளை அச்சுமை அவர்களை மேலும் வளர்ப்பதுமன்று. மூட்டை ஆண்டுதோறும் ஒரே நிறைதான். அதற்கு வேண்டிய அளவு தசை வந்தபின் உடல் மேலும் தேடாது. உணவும் பலருக்குப் போதவில்லை. அவர்கள் தேடியது கூலி. நம் மாணாக்கர் தேடுவது வளர்ச்சி. இரண்டையும் ஒரே அளவையால் அளத்தல் பொருந்தாது.

வளர்ச்சிக்கு வேண்டியது சுமை சிறிது சிறிதாக ஏறுதல். கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் தென்னித்தாலியின் குரோத்தோன் நகரில் வாழ்ந்த மல்லன் மீலோ, ஒரு கன்றை நாள்தோறும் தூக்கி, அது காளையானபோது காளையையே தூக்கினான் என்பது பழங்கதை. கதையின் கருத்து மெய், கணக்கு பொய். நம் ஊர் எருமைக்கன்று பிறக்கும்போதே ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். நன்றாய் மேய்ந்தால் ஓராண்டில் நூறு கிலோவை எளிதிற் கடந்துவிடும். எந்த மனிதனின் தோளும் எருமையின் வேகத்தில் வளர்வதில்லை. தயிருக்கு எருமை வளர்க்கும் வீட்டார் எவரும் இக்கதையைச் சோதித்துப் பார்க்க வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம்.

இதனினும் நடைமுறைக்கு ஏற்றது தென்பாண்டி நாட்டு இளவட்டக்கல். ஊர்ப் பொதுவிடத்திற் கிடக்கும் அவ்வுருண்டைக் கல்லைத் தூக்கித் தோளைத் தாண்டி எறிந்த இளைஞனுக்கே பெண் கொடுத்தனர் என்பர். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளை என்னும் ஊரிற் பொங்கலையொட்டி அப்போட்டி இக்காலத்தும் நடைபெற்றுள்ளது. அங்கே கல் ஒன்றன்று, பல. நிறையால் ஒன்றையொன்று மிஞ்சுவன. சிறு கல்லைத் தூக்கியவன் அடுத்த கல்லுக்குச் செல்வான். படிமுறை என்பதை ஏட்டிற் படியாதோரும் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. வள்ளுவரும் வலியறிதல் என்ற அதிகாரத்தில், இலேசான மயிலிறகும் அளவு மிஞ்சினால் வண்டியச்சை முறித்துவிடும் என்ற கருத்தை வைத்தார். அரசனுக்குச் சொன்னதாயினும் முழங்காலுக்கும் அது பொருந்தும்.

இனி நடைமுறைக்கு வருவோம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட நிலைப்பாடு, தொடங்குவோர் வாரத்தில் 2 அல்லது 3 நாள் உடல் முழுவதையும் பயிற்றுக என்று கூறுகின்றது. எம் மாணாக்கர்க்குத் திங்கள், புதன், வெள்ளி என்று வகுத்துள்ளோம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் செல்வோரும் விரதம் காப்போரும் செவ்வாய், வியாழன், சனி என்று மாற்றிக்கொள்கின்றனர். மேலதிக வகுப்புக்களால் நெருக்குண்டவர் இரண்டு நாளோடு அமையலாம். அதற்காக வருந்த வேண்டா.

ஒரு நாட் பயிற்சியில் ஐந்து வகை போதும். பளுவை மார்போடு அணைத்துக் குந்தி எழுதல், நிலத்திலிருந்து நிமிர்ந்த முதுகோடு பளுவை எடுத்தல், தண்டால், குனிந்து நின்று பளுவை வயிற்றை நோக்கி இழுத்தல், தலைக்கு மேல் உயர்த்தல். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்தல் ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றே போதும். பின்னர் இரண்டு, மூன்று என ஏற்றுக. சுற்றுக்களின் இடையே இரண்டு நிமிடம் இளைப்பாறுக. இன்னும் இரண்டு முறை தூக்க இயலும் என்ற நிலையிற் சுற்றை நிறுத்துக. கை நடுங்கி முதுகு வளையும் வரை செய்வது வீரமன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலேறுமுன் முடித்துவிடுதல் நலம். நீர் அருந்த மறவற்க.

கருவி இல்லையே என்று பலர் அயர்வர். 20 லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்று எவ்வீட்டிலும் கிடைக்கும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. கலனின் பக்கத்தில் லீற்றர்தோறும் கோடு கீறிக்கொண்டால், கடையில் விற்கும் எப்பளுவினும் நுணுக்கமாக நிறையை ஏற்றலாம். பத்து லீற்றரில் தொடங்குக. பன்னிரண்டு முறை என்று குறித்த இடத்தில், அடுத்தடுத்த இரு நாளும் பதின்மூன்று, பதினான்கு முறை இயலுமாயின் அரை லீற்றரோ ஒரு லீற்றரோ கூட்டுக. முன் சொன்ன நிலைப்பாடும் அவ்வேளையில் நூற்றுக்கு 2 முதல் 10 வீதம் கூட்டுக என்றே அளவு சொல்கின்றது. பத்துக்கு ஒன்று பத்து வீதம். இருபதுக்கு ஒன்று ஐந்து வீதம். வாரத்துக்கு ஒரு கிலோவாயின் ஆண்டுக்கு 52 கிலோ என்று கணக்காசிரியர் எவரும் பெருக்கிக் காட்ட வேண்டா. ஏற்றம் தொடக்கத்தில் விரைவாயும் பின்னர் மெதுவாயும் அமையும்.

சிறு நிறையின் அருமையை அறியாதார்க்கு ஒரு செய்தி. 2018ஆம் ஆண்டு கோல்ட் கோஸ்ட் நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டில், ஆடவர் 69 கிலோ பிரிவில் நம் நாட்டு இந்திக்க திசாநாயக்க மொத்தம் 297 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். பொன் பெற்ற வேல்சு நாட்டவர் தூக்கியது 299 கிலோ. இடைவெளி 2 கிலோ. அவ்விளையாட்டிலேயே மகளிர் 48 கிலோ பிரிவில் நம் நாட்டுத் தினூஷா கோமஸ் வெண்கலம் பெற்றார் என்பதை, பளு பெண்களுக்கு ஆகாது என்போர் நினைவிற் கொள்க. வேலூரைச் சேர்ந்த தமிழர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கிப் பொன் பெற்று, 2018இல் 317 கிலோவோடு மீண்டும் பொன் பெற்றார். அவர் தந்தையாரும் பளுதூக்குவோரே. வீட்டிலேயே படிமுறை இருந்தது. இத்தகையோர் வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்வதைக் கண்டு நம் பையன்கள் மயங்குகின்றனர். பல ஆண்டுப் பழக்கத்தின் மேல், பயிற்றுநரின் கண் முன்னே செய்யப்படுவது அது. அகராதி தொகுத்தவரின் மேசையைப் பார்த்து அரிச்சுவடிக்காரன் தன் பாடத்தை வகுத்துக்கொள்ளலாகாது.

உணவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பளுப்பயிற்சி செய்வோர் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை புரதம் உண்பது பயன் தரும், அதற்கு மேல் உண்பதாற் கூடுதற் பயன் பெரிதில்லை என்று 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறுகின்றது. 50 கிலோ பையனுக்கு அது 80 கிராம். மீனும் முட்டையும் பருப்பும் பயறும் எருமைத்தயிரும் உள்ள நாட்டில் அதனைச் சோற்றோடு திரட்டிக்கொள்ள இயலும். விலையுயர்ந்த மாப்பேணிகளைக் கண்டு ஏழைப் பெற்றோர் கலங்க வேண்டா. பாரந் தூக்கினால் உயரம் குன்றும் என்று அஞ்சும் தாய்மார்க்கும் ஒரு சொல்: தகுந்தவர் மேற்பார்வையில், அளவோடு, முறையோடு செய்யும் பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தடுப்பது உறக்கமின்மையும் உணவின்மையுமே. அவ்விரண்டிலும் நம் பரீட்சைக்காலம் பெயர் பெற்றது.

பரீட்சை என்றவுடன் மாணாக்கர் கேட்பது ஒன்றுண்டு: இடையில் நின்றுவிட்டால் எல்லாம் போய்விடுமா? போகாது. இங்கேதான் எம் பழைய முழக்கம் முற்றும் பொய்யாயிற்று. யப்பானில் இளைஞர் சிலரை இரு பிரிவாக்கி 24 வாரம் நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. ஒரு பிரிவார் இடைவிடாது வாரத்துக்கு மூன்று நாள் செய்தனர். மற்றப் பிரிவார் ஆறு வாரம் செய்து மூன்று வாரம் முற்றாக நிறுத்தி, மீண்டும் தொடங்கினர். முடிவில் இரு பிரிவாரின் தசையும் ஏறத்தாழ ஒத்த அளவே வளர்ந்திருந்தது. வந்ததைக் காத்துக்கொள்வது இன்னும் எளிது. நான்கு மாதம் முறையாகப் பயின்ற இளைஞர், பின்னர் வாரத்தில் ஒரே நாளாக, வேலையை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தபோதும் எட்டு மாதம் வரை தம் தசையைப் பேணினர் என 2011இல் வெளிவந்த ஆய்வு கண்டது. முதியோர்க்கு அவ்வளவு குறைவு போதவில்லை என்பதும் அதிலேயே உள்ளது.

பழைய மாணவர் இவ்விடத்திற் செவி சாய்ப்பாராக. பொஸ்டன் நகரின் முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பதின்மரை வாரத்துக்கு மூன்று நாளாக எட்டு வாரம் பளுப்பயிற்சி செய்வித்தனர். 1990இல் வெளிவந்த முடிவின்படி அவர்களின் கால்வலிமை சராசரி 174 வீதம் கூடிற்று. நடுத்தொடைத் தசையின் பரப்பு 9 வீதம் பெருகிற்று. யூபிலிக் கொண்டாட்டத்துக்கு வரும் நாற்பதும் ஐம்பதும் அகவையினர், ‘எங்கள் காலம் போயிற்று’ என்று நாற்காலியைத் தேடுவது அழகன்று. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர் மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குக. யாமும் நாற்பதைக் கடந்தே தொடங்கினோம். மாடிப்படியில் அப்பியாசக் கொப்பிகளின் கட்டோடு ஏறும்போது மூச்சு வாங்குவது இப்போது இல்லை.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பமும் வைக்கிறோம். யூபிலி நினைவாகக் கல்லூரிக்கு உடற்பயிற்சிக் கருவிகள் வாங்கும் எண்ணம் சிலர்க்கு உண்டென்று அறிந்தோம். இருபது கிலோத் தட்டுக்களை அடுக்கி வைத்துப் படம் பிடித்தால் மலருக்கு எடுப்பாக இருக்கும். பையன்களுக்கு வேண்டியவை ஒரு கிலோவும் அதனிற் குறைந்ததுமான சிறு தட்டுக்கள். அவை இன்றேல் பத்திலிருந்து பதினைந்துக்குத் தாவ வேண்டிவரும். தாவுகிற இடத்திலேதான் முதுகு பிடிக்கும். ஒரு குறிப்பேடும் ஒவ்வொருவனுக்கும் கொடுங்கள்.

குறிப்பேடு என்றது காரணத்தோடு. வைத்தியர் அனுமதித்தபின், முன் சொன்ன பையன் மீண்டும் தொடங்க விரும்பினான். பெற்றோர் இசைவோடு, திங்களும் புதனும் வெள்ளியும் பாடசாலை விட்டபின் எம் முன்னிலையில் மட்டும் செய்வதென்று ஒப்பந்தம் ஆயிற்று. சீமெந்துத் தகரத்தை ஒழித்துவிட்டுத் தண்ணீர்க் கலனுக்கு வந்தான். முதல் நாள் ஐந்து லீற்றர், ஒரே சுற்று. “இது என் தங்கை தூக்குவது, சேர்” என்று முகஞ் சுளித்தான். ஓராண்டின் பின் அக்கலன் நிரம்பியது. அதற்கு மேல் மணல் மூட்டைக்கு மாறினான். உயர்தரப் பரீட்சை முடித்து ஊர் திரும்பும் நாளில் தன் குறிப்பேட்டை எம்மிடம் காட்டினான். தூக்கிய நாட்களின் எதிரே லீற்றரும் சுற்றும் எழுதியிருந்தான். மற்ற நாட்களை வெறுமையாக விடாது, ஒவ்வொன்றின் எதிரேயும் தெளிந்த கையெழுத்தில் ‘ஓய்வு — செய்தேன்’ என்று குறித்திருந்தான்.